ஸ்டெல்லா அடித்த பெயிண்ட்

போன வாரம் எதிர்வீட்டு இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் உப்புத்தாளால் பழைய பூச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த பெயிண்ட் தேயும்போது வருகிற அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு அதோடு இறால் குழம்பு வாசனையும் சேர்ந்து வரும். மூக்கில் கோளாறு ஏதுமில்லை. ஸ்டெல்லா வீட்டுப் படகில் இரண்டையும் ஒன்றாக முகர்ந்தேன், அவ்வளவுதான்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு இதே செவ்வாப்பேட்டை. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போக வேண்டுமென்றால் சென்னை வரை போய், வண்டி மாறி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். அந்தச் சுற்றுப் பயணத்தில் மற்றவர்கள் தூங்கினார்கள்; நான் இயந்திரக் கையேடுகள் படித்தேன். எதற்கும் என்னிடம் ஒரு நடைமுறை உண்டு. வீட்டில் மின்விசிறி நின்றுபோனால் என் மனைவி என்னைக் கூப்பிடமாட்டாள். முதல் படியிலிருந்து ஆரம்பித்துவிடுவேன் என்று பயம்.

ஸ்டெல்லாவுக்கு பெயிண்ட் பிரிவில் வேலை. அவள் ஊர், ஏரிக்கு அக்கரையில். அவள் கணவன் அருள் ஓட்டும் படகில் வந்து இக்கரையில் இறங்கினால், கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளும். அவள் பூசிய பாகத்தில் குண்டூசி முனை அளவுகூட இரும்பு வெளியே தெரியாது. தரம் பார்க்கிறவர்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடிவிட்டு, ஏமாற்றத்தோடு முத்திரை குத்துவார்கள்.

அவளுடைய வேலை நிரந்தரமாகிற நேரம் பார்த்துப் படகு படுத்துக்கொண்டது. காலையில் சாவியைத் திருப்பினால் டக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. கையால் சுற்றிக் கிளப்பும் வசதி அந்த எஞ்சினில் இல்லை. துடுப்புப் போட்டு வந்து சேர்வதற்குள் பஸ் போய்விடும். இன்னொரு நாள் தாமதமானால் நிரந்தரத்தை மறந்துவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"புது பேட்டரியே போட்டுட்டோம் சார். ரெண்டு மூணு நாளு ஒழுங்கா ஓடுது. அப்பால படுத்துக்குது. ஒரே பேஜாரு," என்றாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இரக்கத்தைவிட ஆவல்தான் முந்தியது. பேட்டரி புதிது, எஞ்சின் ஓடுகிறது, பிறகு சார்ஜ் எங்கே போகிறது? ஞாயிற்றுக்கிழமை வோல்ட் அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

ஏதோ சுற்றுலாத் தலத்தில் ஓட்டிக் கழித்துப்போட்ட ஃபைபர் படகு அது. பக்கவாட்டில் வாத்துப் படம் ஒன்று பாதி அழிந்திருந்தது. எஞ்சின் மட்டும் கடையிலிருந்து அன்றுதான் இறங்கியதுபோல் பளபளத்தது. அதன் நெற்றியில் காய்ந்த சந்தனப் பொட்டு, ஆயுத பூஜையன்று வைத்தது. வீட்டு வாசலிலோ சிலுவை. ஃபாதருக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"சர்ச்சு பூசைக்கு அவரு வர்றதே இந்தப் படகுலதான் சார்," என்றான் அருள். "ஒண்ணும் கேக்கமாட்டாரு."

நடைமுறைப்படி ஆரம்பித்தேன். பேட்டரி முனைகள் சுத்தம். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன், விறைப்பு சரி. எஞ்சினை ஓடவிட்டு, மின்சாரம் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரிலேயே அளந்தேன். பதினான்கு வோல்ட்டுக்கு மேல், எந்தக் குறையும் சொல்ல முடியாது. அதே மீட்டரைப் பேட்டரியில் வைத்தேன். பன்னிரண்டரைகூட வரவில்லை. கொல்லையில் இறைத்த தண்ணீர் அடுக்களைக்கு வருவதற்குள் குறைந்தால் என்ன நினைப்பீர்கள்? வழியில் எங்கோ ஓட்டை.

"டைனமோவ மாத்திடலாமா சார்?" என்றான் அருள், ஆல்டர்னேட்டரைக் காட்டி.

"அது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப ஒயரு?"

அதிலிருந்து பேட்டரிக்குப் போகிற ஒயரைப் பார்த்தேன். அதில் ஒரு குறையுமில்லை.

"டாக்டருகூட இம்மா நேரம் நாடி பாக்கமாட்டாரு," என்று அவன் மனைவியிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. கரையில் அவர்கள் வீட்டுக்குள் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, எனக்கும் பசிதான்.

மின்சாரம் பேட்டரிக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பியும் வர வேண்டும். இந்த எஞ்சினில் ஆல்டர்னேட்டரின் உடம்பு எஞ்சினைத் தொடுகிற இடம்தான் திரும்பும் வழி. மீட்டரின் ஒரு முனையை அந்த உடம்பிலும், இன்னொன்றைப் பேட்டரியின் நெகடிவிலும் வைத்தேன். உடம்பில் பெயிண்ட் கெட்டியாக இருந்ததால் குத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஏறக்குறைய ஒன்றுமே காட்டக்கூடாது. இரண்டு வோல்ட் காட்டியது.

நான் பளபளக்கிற எஞ்சினைப் பார்த்தேன். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"இதுக்கு யாரு பெயிண்ட் அடிச்சது?"

"நான்தான் சார்." முகம் மலர்ந்துவிட்டது. "பூஜைக்கு கம்பெனி மெஷினுக்கெல்லாம் அடிச்சோமே. நம்ம மெஷினு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி? டைனமோவக் கயட்டி, தாங்கற பட்டையக் கயட்டி, உள்பக்கம், போல்ட்டு உக்கார்ற எடம், ஒண்ணு விடல. ரெண்டு கோட்டு."

"அதான் தொல்லை. இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்துல உன் பெயிண்ட் இருக்கு. கரண்ட் திரும்பி வர வழியில்ல."

அருள் சிரிக்க ஆரம்பித்தான். "ஏம்மே, உன் வேலைக்கு நீயே உல வெச்சிக்கினியா?"

"நீ சும்மா இருய்யா," என்றாள். பிறகு என்னிடம், "சார், நான் அடிச்சத நானே சொரண்டணுமா?"

"வேலை வேணும்னா."

உப்புத்தாளை அவள் அருளிடம் விடவில்லை. தானே வாங்கிக்கொண்டு, ஆல்டர்னேட்டரும் பட்டையும் எஞ்சினைத் தொடுகிற இடங்களை மட்டும் தேய்த்தாள். எழுதியதை ரப்பரால் அழிக்கச் சொன்னால் பிள்ளைக்கு வருமே, அந்த முகம். ஒரு மயிரிழைகூட எல்லை தாண்டவில்லை. கழற்றியதையெல்லாம் மாட்டி ஓடவிட்டதும் பேட்டரியிலேயே பதினான்கு வந்தது. பேட்டரி ஏறட்டும் என்று ஏரியில் நீளமாக ஒரு சுற்று போய்வந்து, இறால் குழம்பும் சோறும் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை படகு கிளம்பியது பெரிய சாதனை இல்லை; முன்பும் இரண்டு மூன்று நாள் கிளம்பிக்கொண்டுதானே இருந்தது. வியாழக்கிழமைதான் பரீட்சை. அன்று காலை தொழிற்சாலை கேட் அருகே இருந்த மின்பெட்டியைத் திறந்துவைத்து, அதில் ஏதோ தேடுவதுபோல் நின்றேன். அந்தப் பெட்டியில் பார்க்க ஒன்றுமில்லை என்று காவலாளிக்குக்கூடத் தெரியும். பஸ் வந்தது. எல்லாரும் இறங்கி, கடைசியாக ஸ்டெல்லா.

"இன்னா சார் காலங்காத்தால, பொட்டிக்குள்ள இன்னாத்த தேடறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

வேலை நிரந்தரமானது. நான் ஓய்வு பெற்ற பிறகும் அவள் அங்கேதான் இருக்கிறாள்.

இப்போது அவர்கள் ஊருக்குப் பாலம் வந்துவிட்டது. கம்பெனி பஸ் அவள் வீட்டருகே நிற்கிறது. படகு ஏறிய துறையில் இன்று ஆள் நடமாட்டம் இல்லை. ஏறவும் இறங்கவும் போட்டிருந்த பலகைகளை யாரோ எடுத்துப்போய்விட்டார்கள். அருள் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். வாத்துப் படகின் எஞ்சினைப் பழைய இரும்புக்குப் போட்ட அன்று ஸ்டெல்லா போன் செய்தாள். நலம் விசாரிக்கிறாள் என்று நினைத்தேன்.

"சார், எஞ்சினக் கயட்டும்போது பாத்தேன். நீங்க சொரண்டச் சொன்ன எடம் இருக்குது பாருங்க, அங்க மட்டுந்தான் துரு. நான் அடிச்ச எடமெல்லாம் அப்படியே இருந்துச்சி சார்."