வெள்ளைத் திருகு வைத்த டிவி

அரியலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் பழைய சாமான் கடை வைத்திருந்தார். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் கழித்துப்போட்ட டிவி, வீடியோ டெக், டேப் ரெக்கார்டர் எல்லாம் கூரை வரை அடுக்கிக் கிடக்கும். கொடைக்கானல் ஒளிபரப்பு எங்கள் பக்கம் எட்டிய பிறகு, லீவு நாளில் அங்கே போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வாங்குவது அபூர்வம். பாய் பேசுவார், நான் தலையாட்டுவேன்.

ஒரு ஞாயிறு காலை, இரண்டு டெக்குகளுக்குப் பின்னால் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவியைப் பார்த்தேன். ஒரு திருகு கறுப்பு, இன்னொன்று வெள்ளை. அந்த வெள்ளைத் திருகு எங்கள் வீட்டு ரேடியோவிலிருந்து நான் கழற்றிப் பொருத்தியது. போன வருஷம் இதே கடையில் வாங்கி, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்குச் சீராகக் கொடுத்த டிவி.

"என்ன மாப்ள, அடையாளம் தெரியுதா?" என்று பாய் சிரித்தார். "கட்டிக் குடுத்த பொண்ணு கோவிச்சுக்கிட்டு வந்த மாதிரி வந்துடுச்சு."

சீர் சாமான் கடைக்கு வந்துவிட்டதென்றால் அவள் எங்கே?

"யாரு வித்தா? அவ வூட்டுக்காரரா?"

"அட, உங்க தங்கச்சிதான். நேத்து பஸ்ஸுல அதுக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, மடியில வச்சுக் கொண்டாந்துச்சு. வெள்ளைத் திருகு எங்கண்ணன் போட்டதுன்னு அதுதான் சொன்னிச்சு. படம் போட்டுக் காட்டுறேன்னேன், திரும்பிக்கூடப் பாக்கல."

அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் போனேன். வழியெல்லாம் கெட்ட யோசனைதான். கதவைத் திறந்தவள் சாப்பிட்ட கையோடு நின்றாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை. வீட்டார் எல்லாரும் முந்தின நாளே செந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். டிவி இருந்த மேஜையில் துணி மடித்து வைத்திருந்தாள்.

"வித்துட்டேண்ணே" என்றாள், கிழிந்த பாயைத் தூக்கிப் போட்டதைச் சொல்வதுபோல.

"பைத்தியமா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமைன்னா தெருவே உள்ள வந்துடுது. அத்தனை பேருக்கும் டீ போடணும், போனப்பறம் கடலைத் தோலு கூட்டணும். இன்னிக்கு வரைக்கும் ஒரு படம் முழுசாப் பாத்ததில்ல. அத்தைகிட்ட சொன்னா, வூட்டுக்கு வந்த டிவி, அதுல உனக்கென்ன தனியாங்கறாங்க. நீ எனக்குத்தானே குடுத்தே?"

பதில் சொல்வதற்குள் அவள் மாமியார் வந்துவிட்டார். மற்றவர்கள் அடுத்த பஸ்ஸில் வருகிறார்களாம். மேஜையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். இன்றோடு இவளை என்னோடு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

"நீங்களாவது கேக்கக்கூடாதா தம்பி?"

அந்த அம்மாளின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. "அவளுக்குன்னு குடுத்ததுங்க அத்தை" என்று என் வாயிலிருந்து வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது.

அப்போது வாசலில் எதிர்வீட்டுப் பெண், படம் பார்க்கப் பாயும் கையுமாக வந்து நின்றாள். மாமியார் விருட்டென்று வாசலை மறித்துக்கொண்டார்.

"இன்னிக்கு இல்லடி. ரிப்பேரு. அவ அண்ணன் எடுத்துட்டுப் போயிருக்காரு."

"அப்படியாக்கா? நல்லா ஓடுன டிவியாச்சே" என்று சிரித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு மாமியார் தங்கையிடம் குரலைத் தாழ்த்தினார். "வித்தது வித்துட்டே. நீ தூக்கிட்டுப் போனதை யாராச்சும் பாத்தாங்களா? அதச் சொல்லு மொதல்ல."

"வேற யாரும் பாக்கல அத்தை. இப்ப வந்தாங்களே, அந்தக்காதான், விக்கப் போறேன்னு தெரிஞ்சே பஸ்ஸுல ஏத்திவிட்டாங்க."

மாமியார் துணியைத் தள்ளிவிட்டு அந்த மேஜைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.