பேத்தியின் ஞானஸ்நானமும் ஒரு பாஸ்வேர்டும்

வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் மகளுக்குப் பெண் பிறந்தது. போய்ப் பார்க்க வழியில்லை. "ஞானஸ்நானத்தையாச்சும் கம்ப்யூட்டர்ல பாத்துருங்கம்மா" என்று அடம்பிடித்துப் புதுக் கம்ப்யூட்டரும் வயரில்லாத நெட்டும் வாங்க வைத்தாள். தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் அதுதான் முதல் நெட். ஆனால் பேத்தியைப் பார்க்க உட்கார்ந்தாலே படம் பாதியில் நின்றுவிடும். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மவுஸைத் தூக்கி எறியாதது அவள் புண்ணியம்.

அங்கே விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞானஸ்நானமும் அன்றைக்குத்தான். காலையிலேயே கொழுந்தனைக் கூப்பிட்டேன். வேறு படகில் கடலுக்குப் போகிறவன், கம்ப்யூட்டரும் கொஞ்சம் படித்தவன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மதினி, லீவுக்கு வந்த காலேஜ் பயலுக பூராம் ஒங்க நெட்லதான் ஓடுறாய்ங்க. பாஸ்வேர்டு என்ன?"

என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னார்: "நம்ம போட்டு நம்பருதாம்லே. மறக்காதுல்ல."

படகின் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும் நம்பர்! "கரையில படுத்துக் கெடக்குற நாய்க்குக்கூட அது தெரியுமே!" என்று கத்தினேன்.

"செட்டிங்ல இருக்குற பூட்டும் பழசு, லேசா ஒடைச்சிருவாய்ங்க. அதை நான் மாத்திர்றேன். யாருக்குமே தெரியாததா ஒண்ணு சொல்லுண்ணே" என்றான் கொழுந்தன்.

வாயில் எதுவும் தங்காத மனுஷன் அவர். ஆனால் மீன்பாடு நன்றாக இருக்கும் ஒரு இடம் எங்கே என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கடலிலிருந்து பார்க்கையில் கரையிலுள்ள எந்தக் கோபுரமும் எந்தப் பனையும் ஒரே நேராகத் தெரிந்தால் அந்த இடம் என்பது அவருக்கே வெளிச்சம். எங்கள் கரையில் கூடப்பிறந்தவனுக்கும் அதைச் சொல்லமாட்டார்கள். படகில் வருகிற ஆட்களுக்குப் பிடிபடக் கூடாதென்று சுற்றிச் சுற்றி ஓட்டுவாராம்.

"அதையே போடுங்க" என்றேன்.

கொழுந்தனைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் அடித்தார். மோடம் ஏற்றுக்கொண்டது. பிறகு கம்ப்யூட்டரும் அதையே கேட்டது. அடித்தார். தப்பு என்றது. அடிப்பதெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் எந்த எழுத்தில் தடுமாறினார் என்றே தெரியவில்லை. மறுபடியும் தப்பு. போனில் மகள், "அம்மா, சாமியார் வந்துட்டாரு!" என்கிறாள்.

"சொல்லித் தொலைங்க, நான் அடிக்கிறேன்!"

என்னைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "ஏலே, நீ வெளிய போ."

அவன் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போனான். இவர் என் காதருகே குனிந்து, அந்தக் கோபுரத்தையும் பனையையும் மெதுவாகச் சொன்னார். அடித்தேன். படம் வந்துவிட்டது. தலையில் தண்ணீர் விழுந்ததும் பேத்தி வீல் என்று அழுதாள். நானும் சேர்ந்து அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

மத்தியானம் சோறு போடும்போது, "யார்ட்டயும் சொல்லிப்புடாத புள்ள" என்றார்.

"எனக்கே சொல்ல ஒங்களுக்குப் பேத்தி பொறக்க வேண்டியிருந்துச்சு. நான் எவனுக்குச் சொல்லப் போறேன்?" என்றேன்.