பேயின் வாயில் என் சத்தம்

சின்ன பட்ஜெட் படத்தில் பேயாக நடிப்பது சுலபம் என்று யாராவது சொன்னால், என் ஒட்டுமுடியை மாட்டிக்கொண்டு அவரை ஒரு நாள் நிற்கச் சொல்லுங்கள். பதினோரு படங்களில் செத்திருக்கிறேன். அதில் பத்தில் முகம் என்னுடையது, சத்தம் சென்னையில் யாரோ ஒருத்தியுடையது. பாடுபட்டது நீங்கள், பெயர் இன்னொருவருக்கு என்று நொந்தவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

உச்சிவெயில் பேய்

எங்கள் படங்களில் ராத்திரியைப் பகலில்தான் எடுப்பார்கள். பிறகு நீலம் பூசி இருட்டாக்கிவிடுவார்கள். பேச்சிப்பாறை அணைக்குப் பக்கத்தில், நட்டநடு வெயிலில், வெள்ளைச் சேலையும் வெறுங்காலுமாக என்னைப் பாறைமேல் நிறுத்தினார்கள். மிதந்து வரவேண்டிய பேய் துள்ளித் துள்ளி வந்தது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். ரப்பர் மரத்தில் பால் எடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு அக்கா நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏட்டி, பேயின்னா செருப்பு போடப்பிடாதா?"

வடசேரிச் சந்தை

எங்கள் நாகர்கோவிலில் நான் வழக்கமாக மரச்சீனிக் கிழங்கு வாங்கும் கடைக்காரம்மா என் படத்தைப் பார்த்துவிட்டாள். பாராட்டுவாள் என்று பையை நீட்டிக்கொண்டு நின்றேன். கிழங்கை அள்ளிப் போட்டபடி கேட்டாள்:

"மூஞ்சி ஒனக்கதுதான் மக்கா. சத்தம் ஆருக்கது?"

ராகம்

அந்தக் கேள்வி வீடுவரை கூடவே வந்தது. அடுத்த படத்தில், நாகர்கோவிலில் ஒரு வீட்டில் செத்தவளின் பேய் நான். இந்தத் தடவை நானே டப்பிங் பேசுகிறேன் என்றேன். டைரக்டர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயே பிறந்து இங்கேயே செத்தவள் சென்னைத் தமிழை எங்கே போய்ப் படித்தாள் என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"உங்க பேச்சுல ராகம் இருக்கு மேடம். ஜனங்க பயப்பட மாட்டாங்க."

ஒட்டாத உதடு

வாயை மூடிக்கொண்டேன், கேமரா ஓடும்வரை. எழுதிக் கொடுத்த வசனம், "என்னை ஏன் கொன்றாய்?" நான் பேசியது, "என்னைய எதுக்குலே கொன்னே? நான் ஒனக்கு என்னலே செய்தேன்?" அதையும் எங்கள் ஊர் இழுப்பில் இழுத்தேன். எப்படியும் வேறு குரல்தானே என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டப்பிங்கில்தான் விழித்தார்கள். வசனம் முடிந்த பிறகும் என் உதடு ஆடிக்கொண்டிருந்ததாம். திரும்ப எடுக்கச் சின்ன பட்ஜெட்டில் வழியேது? குரல் கொடுக்க வந்த பெண்ணே போன் செய்தாள்:

"அக்கா, உங்க வாய்ல என் குரல் உக்காரவே மாட்டேங்குது. நீங்களே வந்து பேசிடுங்க."

மத்தியானக் காட்சி

போனேன், பேசினேன். படம் நாகர்கோவிலுக்கு வந்ததும் கிழங்குக் கடைக்காரம்மாவை தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். பேய் வாய் திறந்ததும் அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"பயந்தே போனேன் மக்கா. இது நம்ம ஊரு பேயாக்கும்!"

இனி எத்தனை படத்தில் வேண்டுமானாலும் சாகிறேன், இரவல் சத்தத்தில் மட்டும் சாகமாட்டேன்.