கேப்புப் பெட்டியும் இரண்டாவது போனும்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில், அன்புசெல்வன் கவரைப்பேட்டையிலிருந்து பைக்கில் கிளம்பினார். தங்கை ஹெலனுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையை, அவர் வேலை செய்யும் இடத்திலேயே, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்துவிடுவது அவர் திட்டம். போட்டோவில் எல்லா மாப்பிள்ளையும் அழகன், பாஸ்டர் முன்னால் எல்லாருமே சாது, வேலை செய்கிற இடத்தில் பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும் என்பது அவர் கட்சி. புது ஷூ போட்டிருந்தார். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்குப் பை ஹேண்டில்பாரில் தொங்கியது. பேன்ட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு போன்.

இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிட்டார். மாப்பிள்ளையின் முதுகை மட்டும் நன்றாகப் பார்த்திருந்தார். முறுக்கு பையிலேயே இருந்தது.

அந்த முதுகு என் சித்தப்பா எபினேசருடையது.

சித்தப்பாவுக்கு ஊத்துக்கோட்டைக்கு மேற்கே ஒரு கருங்கல் குவாரியில் வேலை. அங்கே பாறையில் துளை போட்டு, துளைக்குள் வெடிமருந்தை அடைப்பார்கள். ஆனால் மருந்து சோம்பேறி, தானாக எழாது. அதை எழுப்புவதற்கு விரல் நீளத்தில் ஓர் அலுமினியக் குழாய் உண்டு, அதிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டிருக்கும். டெட்டனேட்டர் என்று காகிதத்தில் எழுதுவார்கள், குவாரியில் அதன் பெயர் கேப்பு. தட்டினால் அதற்குக் கோபம் வரும், உரசினால் வரும், வெயிலில் வைத்தால் வரும், பக்கத்தில் போன் மணி அடித்தால்கூட வரலாம் என்று பயப்படுவார்கள். எனக்கு இந்தக் குணத்தோடு இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள். அவர்களோடு வளர்ந்ததால்தான் தம்பிக்கு இந்த வேலை இவ்வளவு பொருந்தியது என்று அப்பா சொல்வார்.

கிடங்கிலிருந்து பாறை வரைக்கும் கேப்புகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், மிஞ்சியதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துப் பூட்டுவதும் சித்தப்பாவின் பொறுப்பு. உள்ளே ரப்பர் ஒட்டிய மரப்பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, தோளில் மாட்டிக்கொள்ளத் தோல்வார். மருந்து கொண்டுபோகிறவர் வேறு வழியாகத்தான் போக வேண்டும். பெட்டிக்கு முன்னால் சிவப்புக் கொடியும் விசிலுமாகக் கலியன் என்பவர் நடப்பார். பெட்டி தோளில் இருக்கும்போது ஓடக் கூடாது, நின்று கதை பேசக் கூடாது. போன் வைத்திருப்பவர் யாராவது எதிரே வந்துவிட்டால், பெட்டியோடு திரும்பிக் கிடங்குக்கே போய்விட வேண்டும்.

சித்தப்பா எடுத்த எடுப்பில் இந்த வேலைக்கு வந்துவிடவில்லை. எங்கள் தாத்தா சோழவரத்தில் நெல் வயலில் கூலி வேலை பார்த்தவர். பிள்ளைகள் எல்லாரும் கம்பெனிகளுக்குப் போனார்கள். சித்தப்பாவும் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் சேர்ந்தார். ரொம்ப மெதுவாக நடக்கிறார் என்று சொல்லி அங்கே அனுப்பிவிட்டார்கள். அதே நடைக்காகக் குவாரியில் எடுத்துக்கொண்டார்கள்.

வேலை மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கிடங்கின் வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கிறார்கள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சித்தப்பா எங்கள் வீட்டிலும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் நுழைவார். முட்டையும் தயிரும் அவர் கையில் ஒரே பையில் வராது, இரண்டு தடவை கடைக்குப் போவார். நான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தபோது அவருக்கு ஒரு பளபளப்பான சட்டை வாங்கி வந்தேன். தடவிப் பார்த்தார், நைலானா என்று கேட்டார், மடித்து வைத்துவிட்டார். கேப்பைத் தொடுகிறவர் பருத்திதான் உடுத்த வேண்டுமாம். எத்தனையோ விமான நிலையங்களில் என் பையைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். சித்தப்பாவிடம் கொடுத்திருந்தால் பை பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். விமானம் மட்டும் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாணமும் மெதுவாகத்தான் வந்தது. வெடி வேலை என்றதும் பெண் வீட்டார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். முப்பத்தைந்து தாண்டியபின் கேட்டு வருகிறவர்களும் நின்றுபோனார்கள். அப்போதுதான் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஹெலன் தன் பெரியம்மாவோடு வந்தார்.

அன்றைக்குக் காணிக்கையாக வந்த காய்கறிகளை ஏலம் விடுவார்கள். ஹெலன் ஒரு பெரிய பூசணிக்காயை ஏலத்தில் எடுத்துவிட்டு, அதைத் தூக்க முடியாமல் நின்றார். சித்தப்பா போய் எடுத்துக்கொண்டார். கோயில் வாசலிலிருந்து ரோடு வரைக்கும் அதை நெஞ்சோடு அணைத்தபடி, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது, மறுபடியும் அடித்தது, பிறகு பெரியம்மாவை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

“பூசணிக்காங்க அது, வெடிக்காது” என்றார் ஹெலன்.

“பழக்கம்” என்றார் சித்தப்பா.

அடுத்த ஆட்டோ வருவதற்கு நேரமானது. அந்த நேரத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு சித்தப்பா வேறு பெண்ணைப் பார்க்க வர மாட்டேன் என்றார். கவரைப்பேட்டையில் ஹெலனும் அதையே சொல்லியிருந்தார். அப்பா இல்லாத வீடு. அண்ணன் அன்புசெல்வன் சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அந்தச் ‘சரி’யைச் சொல்வதற்கு முன்னால் ஆளைப் பார்த்துவிடத்தான் அவர் பைக்கில் கிளம்பியது.

குவாரி கேட்டில் வாட்ச்மேன் போனைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். அன்புசெல்வன் பழைய போனைக் கொடுத்தார். நல்ல கேமரா உள்ள போன் பேன்ட்டிலேயே இருந்தது, தங்கைக்கு வீடியோ எடுத்துக் காட்ட வேண்டுமே. எதற்காக வந்திருக்கிறார் என்று கேட்டதும் வாட்ச்மேனுக்கு ஒரே சந்தோஷம். கல்யாணக் காரியம் என்றால் மேஸ்திரியைக் கேட்பானேன் என்று, கையை நீட்டி வழி காட்டி அனுப்பிவிட்டார்.

பிறகு நடந்ததை அந்த வீடியோவிலேயே பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு புது ஷூ தெரிகிறது. அப்புறம் தூரத்தில் கொடியோடு கலியன், அவருக்குப் பின்னால் பெட்டியோடு சித்தப்பா. அன்புசெல்வன் வாய் நிறைய “மாப்ள” என்று கூப்பிடுகிறார். சித்தப்பா நிமிர்கிறார். அவருக்கு ஆள் தெரியவில்லை, நீட்டிய போன்தான் தெரிந்தது.

“கிட்ட வராதீங்க” என்கிறார்.

அவ்வளவுதான். திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். மிச்ச வீடியோ முழுக்க முதுகு. அன்புசெல்வன் பின்னாலேயே போகிறார். நான்தான், ஹெலனுடைய அண்ணன், நில்லுங்கள் என்கிறார். ஹெலன் என்ற பெயர் கேட்டதும் அந்த முதுகு ஒருமுறை துடிக்கிறது, நடை மாறவில்லை. தண்ணீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றி, ஜல்லிக் குவியலைச் சுற்றி, சாமி ஊர்வலம் போகிற வேகத்தில் இந்தத் துரத்தல் நடக்கிறது. நடுவில் கலியன் பின்பக்கமாக நடந்தபடி, அன்புசெல்வனின் முகத்துக்கு நேரே கொடியை ஆட்டி விசில் அடிக்கிறார். ஏன் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லக் கூடாது என்று பிற்பாடு அவரிடம் கேட்டேன். “வாய்ல விசிலு கீதும்மா, இன்னான்னு சொல்றது?” என்றார்.

கடைசியில் போன் மணி அடிக்கிறது. அதோடு வீடியோ நின்றுவிடுகிறது. கூப்பிட்டது அவர் அம்மா. மாப்பிள்ளை எப்படிப் பழகுகிறார் என்று கேட்பதற்கு.

மணி அடித்தபோதும் சித்தப்பா ஓடவில்லையாம். கலியன்தான் சொன்னார். கிடங்குக்குள் போய், பெட்டியை வைத்து, பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் விருந்தாளியைத் தேடி வெளியே வந்தார். அப்போது கேட்டில் பைக் கிளப்பிய புழுதி மட்டும் இருந்தது.

அன்புசெல்வன் வீட்டுக்குப் போய், ஆள் தன்னைப் பார்த்ததும் ஓடிவிட்டான், எதையோ மறைக்கிறான் என்றார். சாட்சிக்கு வீடியோ இருந்தது. மாமாவிடம் காட்டினார், பக்கத்து வீட்டில் காட்டினார், கவரைப்பேட்டை ஸ்டேஷன் டீக்கடையில் காட்டினார். சித்தப்பாவுக்கு ‘ஓட்டக்காரர்’ என்று பெயரும் வைத்தார். தோளில் பெட்டியோடு ஒரு பட்டாம்பூச்சிக்குக்கூட அவசரமாக வழி விடாத என் சித்தப்பாவுக்கு அந்தப் பெயர்.

சித்தப்பா போனில் நடந்ததைச் சொன்னார். அப்பாவும் பாஸ்டரும் நேரில் போய்ச் சொன்னார்கள். அன்புசெல்வன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாங்க மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் மலையா இடிந்துவிடும் என்று கேட்டார். இடிந்துவிடலாம் என்பதுதான் பதில். அதை அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

ஹெலனும் வீடியோவைப் பார்த்தார். அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. நாளெல்லாம் இரும்பு வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறல் இருக்கிறதா என்று தேட வேண்டும். வீடியோவையும் அப்படியே பார்த்தார்.

“ஓடிட்டாரு ஓடிட்டாருன்ற, இதுல எங்கண்ணா ஓட்றாரு? பூசணிக்காயையும் இப்டித்தான் தூக்கினு வந்தாரு.”

அன்புசெல்வனுக்குப் பூசணிக்காய்க் கதை தெரியாது. தெரிந்ததும் இன்னும் பேஜாராகிவிட்டது.

ஹெலன் வேறொரு கீறலையும் பார்த்திருந்தார். அதை வீட்டில் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னார். கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள் என்றால், இந்த வீடியோவை அண்ணன் எதில் எடுத்தார்? ஓடிப்போனதற்குச் சாட்சி என்று அவர் அதை யாரிடம் காட்டினாலும், போனை ஒளித்து எடுத்துக்கொண்டு போனதற்குத்தான் அது சாட்சி. மாப்பிள்ளை செய்தது சரி என்றால் தான் செய்தது என்ன என்று வரும். அதனால்தான் அவர் வாயிலிருந்து ‘சரி’ வரவில்லை.

நான் போய்ச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அண்ணனைத் தலைகுனிய வைத்துவிட்டு அந்த வீட்டைவிட்டு வர அவருக்கு மனசில்லை. “அதுக்கே தோணும், பாரு” என்றார்.

தோன்றுகிற மாதிரி இல்லை. ஈஸ்டர் போனது, பள்ளிக்கூடங்கள் திறந்தன, மழை வந்தது. எனக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து எதற்கும் காத்திருந்து பழக்கமில்லை. பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாமே என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். பஸ்ஸில் பட்டாசு கொண்டுவந்தவளைப் பார்ப்பதுபோல் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வேலை முடிந்து, குவாரி கேட்டில் தகர டப்பாவிலிருந்து போனை வாங்கியதும், சித்தப்பா ஹெலனைக் கூப்பிடுவார். பகலில் ஏதாவது அவசரம் என்றால் கூப்பிட என் நம்பரைக் கவரைப்பேட்டையில் கொடுத்திருந்தார். அதில் யாரும் கூப்பிடவில்லை.

சித்தப்பா இதைப் பற்றிப் புலம்பியதில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, “நான் நின்னுருக்கணுமா மோனிகா?” என்றார்.

“பெட்டிய வெச்சிக்கினா?” என்றேன்.

“அதான்” என்றார். ஆனாலும் குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் நின்றார். தண்ணீரை வீணாக்குகிற ஆளில்லை அவர்.

அந்த மழைக்காலத்தில் அன்புசெல்வன் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் புது வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். கிரேன் சரக்கைத் தூக்கும்போது கீழே நின்று கையசைத்து, ஏற்று, இறக்கு, நிறுத்து என்று காட்டுகிற வேலை. ஆளை அதட்டுகிறவருக்கு ஏற்ற வேலைதான் என்று அப்பா சொன்னார். அதற்கு மேல் யாரும் அதை யோசிக்கவில்லை.

டிசம்பரில், கேரல் பாட்டுக்கு ஒத்திகை தொடங்கியிருந்த சமயம், நான் சோழவரத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அடுத்து எந்த ஊருக்குப் போகலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தபோது மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. கவரைப்பேட்டை நம்பர்.

“மோனிகா, நான் அன்புசெல்வன். எபினேசர் போன் இந்நேரம் டப்பால இருக்கும், அதான் உனக்கு அனுப்புறேன். இன்னிக்கு கிரேன்ல லோடு தொங்கிக்கினு இருக்கும்போது ஒருத்தன் செல்ஃபி எடுக்க போன நீட்டிக்கினு கீழ வந்துட்டான். எங்க சித்தி பையன்தான். அண்ணா அண்ணான்னு கூப்புட்றான். நான் திரும்பிகூட பாக்கல. கிட்ட வராதன்னு மட்டும் சொன்னேன். மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு பூட்டான். அன்னிக்கு ரெண்டாவது போனையும் நான் கேட்லயே குடுத்துருக்கணும். வீடியோவ அழிச்சிட்டேன். ஹெலன் ஒண்ணு வெச்சிக்கினு இருக்கா, அவ தர மாட்றா. தோள்ல பெட்டி இல்லாத நாளா பாத்து மாப்ளய ஊட்டுக்கு வரச் சொல்லு. அம்மா முறுக்கு சுடுது.”