வாசலுக்கு சீலர் அடித்த மாப்பிள்ளை

சிமெண்டுக் கல்லும் பனியன் துணி மாதிரிதான் காயும் என்று நம்பிய ஒரு முட்டாள் திருப்பூர் வட்டாரத்தில் இருந்தான். இரண்டாயிரம் பிறந்து, வீட்டுக்கு வீடு செல்போன் வந்துவிட்ட காலத்தில் இப்படி ஒருத்தன் இருந்தான் என்றால் நம்பக் கஷ்டம்தான். ஆனால் அவனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவனுக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாண வயது வந்து, நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, என்னை ஏற்றாமலே போய்விட்டிருந்தது. என் ஜாதகம் என்னைவிட அதிகமாகக் கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்த்தது. அது போகாத ஊரில்லை. போன இடத்திலிருந்தெல்லாம் மஞ்சள் தடவிய மூலைகள் மடங்காமல் பத்திரமாகத் திரும்பி வந்தது. இதற்கிடையில், என் போட்டோவில் தலைமுடி இருந்தது. நேரில் வரவரக் குறைந்தது. போட்டோவைப் புதுசாக எடுக்கலாம் என்றால் அம்மா விடவில்லை. "பழசே இருக்கட்டும்டா கண்ணு, புதுசு எடுத்தா அதுவும் போயிரும்" என்றார்.

அவிநாசிக்குப் பக்கத்தில் வீடு. பின்னால் தகர ஷெட், அதில் கொஞ்சம் தையல் மெஷின்கள். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துக் கொடுக்கிற ஜாப் வொர்க். முன்னால் அகலமான வாசல். ஒரு சீசனில் கொஞ்சம் கை ஓங்கியபோது, அந்த வாசல் முழுக்க பேவர் பிளாக் போட்டேன். சிவப்பும் சாம்பலுமாக, ஒன்றோடு ஒன்று பல்லைக் கோத்துக்கொண்டு நிற்குமே, அந்த சிமெண்டுக் கற்கள். போட்ட புதிதில் தெருவே நின்று பார்த்தது. அதற்கப்புறம் சரக்கு ஏற்ற வரும் டெம்போ தினம் ஒரு சொட்டு ஆயில் விட்டது. போர்வெல் தண்ணீரின் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. கல் இடுக்கிலிருந்து எறும்புகள் மணலை வெளியே கொண்டுவந்து குவிக்க, காலியான இடுக்கில் புல் முளைத்தது.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுக்கும் முன்னால் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார்கள். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, ஓட்டில் ஒழுகல் இருக்கிறதா, பாத்ரூம் வீட்டுக்குள்ளா வெளியிலா எல்லாம் பார்ப்பார்கள். கடைசியாக வந்த ஒரு அத்தை, வாசலிலேயே நின்று, "புல்லு இப்புடி மொளச்சிருக்குதே, இந்த ஊட்டுல ஆளு நடமாட்டம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தச் சம்பந்தம் அந்தப் புல்லோடு போயிற்று. அன்று சாயங்காலம் அம்மா குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு இடுக்காகப் புல்லைப் பிடுங்கினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

அதற்கப்புறம் வந்ததுதான் கணியூர்ச் சம்பந்தம். பெண், திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது, வெளிநாட்டுக்காரர்களின் ஆர்டரைப் பார்த்துக்கொண்டு, எங்களைப் போன்றவர்களைப் போனில் விரட்டுகிற உத்தியோகம். அவிநாசிக் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தோம். பெரியவர்கள் நாசூக்காக நாலு அடி தள்ளி நின்றுகொள்ள, எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஊடு எப்படிங்க?" என்று பெண்தான் முதலில் கேட்டார்.

"நல்லா இருக்குங்க. வாசல் கண்ணாடியாட்ட இருக்கும்" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கோயிலில் வைத்து, சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்ன பொய்.

"வாசல் எப்படிங்க கண்ணாடியாட்ட இருக்கும்?"

"பேவர் பிளாக்குங்க. சீலர் அடிச்சிருக்குதுங்க."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்புத்தான், ஆனாலும் என்னைப் பார்த்து ஒரு பெண் சிரித்தது அதுதான் முதல் தடவை. திரும்பிப் போகும்போது பஸ்ஸில் சில்லறை வாங்க மறந்தேன். வரும் வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருவதாக அவருடைய அப்பா சொல்லியிருந்தார். பெண் வரமாட்டார், பெரியவர்கள் மட்டும்தான். எனக்கு அவசரமாக ஒரு கண்ணாடி வாசல் தேவைப்பட்டது.

ஹார்டுவேர் கடைக்காரர், கல்லின் மேல் பூசுகிற சீலரில் இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். "இது தண்ணியில கலந்ததுங்க. கல்லுக்குள்ள எறங்கிக்கும், ஆயில் புடிக்காது, உப்புப் பூக்காது. ஆனா அடிச்சதே தெரியாது. இது சால்வென்ட்டுங்க, தின்னர்ல கலந்தது. மழையில நனஞ்ச கல்லாட்ட எப்பவும் பளபளன்னு இருக்கும். ஆனா அடிக்கறப்ப கல்லுல ஈரம் இருந்தா சுத்தமா ஆகாது."

என் வாசலுக்குத் தேவை முதல் டப்பாதான். அது யாருக்கும் தெரியும், எனக்கும் தெரிந்தது. ஆனால் அடித்ததே தெரியாத ஒன்றை அடித்துவிட்டுக் கணியூர்க்காரர்களிடம் என்னவென்று காட்டுவது? இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

எங்கள் தொழிலில் எதையும் சேம்பிள் பார்க்காமல் செய்யமாட்டோம். மிச்சம் கிடந்த கல் ஒன்றைக் கழுவி, ஷெட்டில் இருந்த அயர்ன் டேபிளில் வைத்து, எங்கள் அயர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டு நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். தேனிப் பக்கத்துக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, கல்லுக்கு மடிப்பு எங்கண்ணே வைக்கணும்?"

"காய வைங்க, போதும்."

சூடான, எலும்பு வரை காய்ந்த அந்தக் கல்லில் சீலரை அடித்தேன். அடடா! சிவப்பு சிவப்பானது. முகம் தெரிந்தது. தலைமுடி குறைவுகூடத் தெரிந்தது, அவ்வளவு சுத்தம். அம்மாவிடம் காட்டினேன், மாஸ்டரிடம் காட்டினேன், டெம்போ டிரைவரிடம் காட்டினேன். எல்லோரும் ஓகே சொன்னார்கள். சேம்பிள் ஓகே, இனி பல்க்தான், மொத்தமாக அடிக்க வேண்டியதுதான். திருப்பூரில் பாதிப்பேருக்குத் தலைவலி வருவது இந்த இடத்தில்தான் என்பது எனக்குத் தெரியாததல்ல.

வியாழக்கிழமை காலையில் வாசலை ஹோஸ் வைத்து அடித்துக் கழுவினேன். ஆயில் கறை, உப்பு, எறும்புப் புற்று எல்லாம் போயிற்று. புது மணல் தூவி இடுக்கை நிரப்பினேன். மத்தியானம் வரைக்கும் வெயில் காய்ந்தது. பிறகு குனிந்து, கல்லின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தேன்.

இதைச் சொல்லியாக வேண்டும். பனியன் துணி காய்ந்ததா என்று நாங்கள் பார்ப்பது புறங்கையால்தான். உள்ளங்கை ஏமாற்றும், புறங்கை ஏமாற்றாது. ஜில்லென்று இருந்தால் ஈரம், வெதுவெதுப்பாக இருந்தால் காய்ந்தது. இத்தனை வருஷத்தில் என் புறங்கை பொய் சொன்னதில்லை. அன்றைக்கும் கல் வெதுவெதுப்பாக இருந்தது. துணிக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. கல்லுக்கு உண்டு, கல்லுக்குக் கீழே மணலும் உண்டு, அந்த மணல் காலையில் நான் அடித்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுச் சும்மா படுத்திருக்கிறது என்பது புறங்கைக்கு எப்படித் தெரியும்? நானும் மாஸ்டருமாக ரோலரைப் பிடித்தோம். ஒரு கோட் அடித்தோம். பளபளப்பு போதாத மாதிரி இருந்தது. கனமாக இன்னொரு கோட் அடித்தோம். இருட்டும் முன்னால் வாசல் கண்ணாடியாகிவிட்டது. கோயிலில் சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்ட திருப்தியில் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் அம்மாவின் சத்தம் கேட்டு ஓடி வந்தேன்.

"என்றா பண்ணி வெச்சிருக்கற?"

வாசல் வெள்ளையாக இருந்தது. சிவப்புமில்லை, சாம்பலுமில்லை. உள்ளே இருந்த ஈரம் மேலே வர வழியில்லாமல் சீலருக்கு அடியில் முட்டிக்கொண்டு, மொத்த வாசலும் புகை படிந்து கிடந்தது. வேலைக்கு வந்த அயர்ன் மாஸ்டர் கேட்டிலேயே நின்றுவிட்டார்.

"என்னண்ணே இது, யாரோ அண்டாத் தயிரைக் கவுத்துவிட்ட மாதிரி இருக்கு?"

அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபமில்லை, அழுகை. ஒரு ஆம்பளை வாசலைப் பார்த்து அழுவது எப்படி இருக்கும் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். இந்தச் சம்பந்தமும் போனால் இனி ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போக ஊர் பாக்கியில்லை. அம்மாவும் இனி யாரிடமும் போய்க் கேட்கமாட்டார். அது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் துடைப்பத்தை எடுத்து அந்த வெள்ளையைக் கூட்டிப் பார்த்தார். அது கூட்டினால் போகிற வெள்ளையா?

கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஈரத்துல அடிச்சிட்டீங்களாட்ட இருக்குது. சொன்னனில்லீங்க?"

"சொன்னீங்க. இப்ப என்ன பண்றது, அதச் சொல்லுங்க."

"தின்னர ஊத்தித் தேய்ங்க. சீலர் எளகும், ஈரம் வெளிய போயிரும், வெள்ளையும் போயிரும். ஆனா மறுபடியும் எறுகற வரைக்கும் ஒரு ஆளு மிதிக்கக் கூடாதுங்க."

கணியூர்க்காரர்கள் ராகு காலம் முடிந்து பன்னிரண்டுக்கு மேல் வருவதாகப் பேச்சு. அதற்குள் இறுகிவிடும். தின்னர் வந்தது. ரோலர் ஏற்கனவே கல்லாகிக் கிடந்தது. திருப்பூர்க்காரன் ஒன்றைத் துடைக்க வேண்டுமென்றால் கை தானாக எதை எடுக்கும்? ஷெட்டிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டை, தைத்து மிஞ்சிய துண்டுத் துணியை, இழுத்துவந்தோம். தேய்க்கத் தேய்க்க வெள்ளை மறைந்தது. சிவப்பு திரும்பி வந்தது! நானும் மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். மூக்கு எரிந்ததும் கண்ணீர் வந்ததும்கூட இனிமையாக இருந்தது. பாதிக்கு மேல் முடிந்தபோதுதான், முதலில் தேய்த்த பகுதியைத் திரும்பிப் பார்த்தேன். பிசின் மாதிரி ஒட்டிய சீலர், பனியன் வேஸ்ட்டின் பஞ்சையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு மயிர் முளைத்திருந்தது. என் தலையில் இல்லாததெல்லாம் அங்கே இருந்தது.

அப்போது கேட்டுக்கு வெளியில் கார் நின்றது.

ராகு காலம் முடிந்து வருவதற்குப் பதில், தொடங்கும் முன்பே உள்ளே காலெடுத்து வைத்துவிடலாம் என்று கிளம்பி வந்துவிட்டார்கள். பெண்ணின் அப்பாவும் அம்மாவும். நான் வாசலின் நடுவில், கையில் பனியன் வேஸ்ட்டோடு நின்றிருந்தேன். ஓடிப் போய்த் தடுக்க வேண்டும். கால் வரவில்லை. குனிந்து பார்த்தேன், என் செருப்பு இரண்டும் வாசலோடு சேர்ந்துகொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் நின்ற இடத்திலேயே கும்பிட்டேன்.

"வாங்க... இல்லீங்க, வராதீங்க! அங்கயே நில்லுங்க!"

வருகிற ஒறம்பரையை, அதாவது விருந்தாளியைப் பார்த்து வராதீங்க என்று சொன்ன முதல் கொங்குநாட்டுக்காரன் நானாகத்தான் இருப்பேன். பெண்ணின் அப்பா அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, புன்சிரிப்போடு வலது காலை முன்வைத்து, நல்ல நேரத்தில், உள்ளே வந்தார். அடுத்த காலும் வைத்தார். மறுபடி வலது காலைத் தூக்கினார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. பேலன்ஸுக்காக வெறும் காலைக் கீழே ஊன்றினார். அதுவும் ஒட்டிக்கொண்டது.

"ஏனுங்க மாப்..." என்று தொடங்கியவர், தன் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, இது என்னங்க?"

மாப்பிள்ளையிலிருந்து தம்பிக்கு இறங்கியது அந்த ஒரு மூச்சில்தான். அது என் காதிலும் விழுந்தது, உள்ளே இருந்த அம்மா காதிலும் விழுந்தது.

"சீலருங்க" என்றேன்.

கேட்டுக்கு வெளியிலேயே நின்ற அவருடைய மனைவி, "நாஞ் சொல்லல? சட்டுனு அக்கட்டால, வெளிய வாங்க" என்றார். எங்கே வருவது? மாஸ்டர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து வழி போட்டார். அட்டையும் ஒட்டியது. கடைசியில் இருவரையும் பக்கத்துச் சந்து வழியாக, ஷெட்டுக்குள் அழைத்துப்போனோம். ஓவர்லாக் மெஷின்களையும், ரிஜெக்ட் ஆன பீஸ் மலையையும், கொடியில் காய்ந்த என் லுங்கியையும் தாண்டி வீட்டுக்குள் வந்தார்கள். வீட்டில் அவர்கள் பார்க்காமல் விட்டது ஒன்றுமில்லை. அம்மா காப்பி கொடுத்தார். பெண்ணின் அப்பா ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டே குடித்தார். உள்ளங்காலில் பஞ்சு.

செருப்பை எடுக்கத் தின்னர் ஊற்றினேன். செருப்பு வரவில்லை, அடிப்பாகம் கரைந்தது. என் பாத்ரூம் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், காரில் ஏறும்போது, "சொல்லி அனுப்பறோமுங்க" என்றார். நெம்ப மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதையை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றுதான் சொல்வார்கள். ஒருவரும் இதுவரை சொல்லி அனுப்பியதில்லை.

அம்மா காப்பி டம்ளர்களைக் கழுவினார். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார். நான் வாசல் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். நடுவில் என் செருப்புகள், கேட்டோரம் அவர் செருப்பு ஒன்று. யாரோ இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே காற்றில் மறைந்துவிட்ட மாதிரி இருந்தது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். எனக்கே வரவில்லை என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

சாயங்காலம், கம்பெனி விடுகிற நேரம் பார்த்து, மாதக்கணக்காகத் தைத்துக் கொடுத்து மிஞ்சியிருந்த தைரியத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்து, பெண்ணுக்கே போன் போட்டேன். அப்படிப் போடுவது வழக்கமில்லை. இனி வழக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் சொன்னது பொய் என்பதை, அயர்ன் செய்த சேம்பிளை, புறங்கையை, தயிரை, பஞ்சை. "அப்பாவோட செருப்பு ஒண்ணு இங்கதான் இருக்குதுங்க, பத்திரமா இருக்குது, எடுக்கத்தான் முடியல" என்றேன். அந்தப் பக்கத்து மெஷின் சத்தத்தில் என் பேச்சு அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"கேக்கறீங்களா?" என்றேன்.

"கேட்டுட்டுத்தான் இருக்கறனுங்க."

"அப்பா சொல்லி அனுப்பறோம்னுட்டுப் போனாருங்க. எனக்கு அது எப்படின்னு தெரியும். ஆனா உங்க வாயால கேட்டுட்டா மனசு ஆறிக்கும். வேண்டாம்னாலும் வேண்டாம்னே சொல்லிருங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"மொதல்ல வாசல் காயட்டும், பாக்கலாங்க."