மூன்றாம் வீட்டிலிருந்து மேடைக்கு

என்னை முதலில் வளர்க்க எடுத்தவர்கள் திருவொற்றியூரில் இருந்தார்கள். எனக்கு அம்மை போட்டதும் பயந்துபோய், இராயபுரத்து அநாதை விடுதிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது வீடு ஒரு ரயில்வே குமாஸ்தாவுடையது. அவர்களுக்குச் சொந்தப் பிள்ளை பிறந்ததும் என் துணிமூட்டை மறுபடி வாசலுக்கு வந்தது.

மூன்றாவதாக என்னை அழைத்துப் போனவள், கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்ற ஒரு விதவை. அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டு வாரம் மூட்டையைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். ஒருநாள் அவளே பிரித்து, என் பாவாடைகளைத் துவைத்துக் கொடியில் போட்டாள்.

"எங்க போவப்போற நீ? இது உன் வூடு" என்றாள்.

அன்றிலிருந்து அவளை அம்மா என்றேன். அவளோடு தெருத்தெருவாக மீன் கூவி விற்றேன். துறைமுக இரைச்சலுக்கு மேலே குரல் எழும்ப வேண்டும், எழும்பியது. எனக்குப் பதினைந்து வயதானபோது, அந்தக் குரலைக் கேட்டுத்தான் பக்கத்தில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனி வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். பாடச் சொன்னார், பாடினேன். வசனம் சொல்லச் சொன்னார். நான் வாய் திறந்ததும் நடிகர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"குரல் இருக்கு. ஆனா இந்தப் பேச்சை வெச்சுக்கிட்டு ராணி வேஷம் கட்ட முடியாதும்மா" என்றார் வாத்தியார்.

"கத்துக்கினு வரேன்" என்றேன்.

கூட்டத்தோடு பாட மட்டும் சேர்த்துக்கொண்டார். விடுதியில் கற்ற எழுத்து கைகொடுத்தது. வசனங்களை எழுதிக்கொண்டுபோய், கட்டுமரங்கள் புறப்பட்டுப் போனபின் அலைக்கு எதிரே நின்று உரக்கச் சொல்வேன். 'ழ' சரியாக வருவதற்கே ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. அம்மாவிடம் மட்டும் குப்பத்துப் பேச்சே பேசினேன். அதைக் கைவிட எனக்கு மனமில்லை.

செய்தி கேட்டு விடுதித் தலைவி குப்பத்துக்கே வந்துவிட்டார்.

"நாடகக்காரின்னு பேர் வந்தா இவளை யாரு கட்டிப்பாங்க? விடுதியில தையல் கத்துக்கட்டும். நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "ரெண்டு வூட்ல திருப்பி அனுப்ச்சாங்களே, அன்னிக்கு இதுக்கு இன்னா வோணும்னு யாராச்சும் கேட்டீங்களா? இப்பனாச்சும் கேளுங்க."

தலைவி என் பக்கம் திரும்பினார். என் வாழ்க்கையைப் பற்றி என்னையே கேட்டது அதுதான் முதல் தடவை.

"நான் நடிக்கப் போகிறேன். இந்த வீட்டில் இருந்துதான் போவேன்" என்றேன், பழகிய மேடைத் தமிழில்.

"அப்போ உன் பேரைப் பதிவேட்டுல அடிச்சிடுவேன். அப்புறம் நாங்க பொறுப்பில்ல."

"அடிச்சிடுங்க."

அவர் போனபிறகு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நானும் மீன் அரிந்தேன்.

இரண்டு வருடம் கழித்து, பெற்ற மகளையே வெளியே அனுப்புகிற ராணி வேஷம் எனக்குக் கிடைத்தது. நான் மேடைக்கு வந்ததும் முன்வரிசையில் ஒருவன், "தோ பார்றா, நம்ம மீன்காரி!" என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. நான் தலைகுனியவில்லை, உள்ளேயும் போகவில்லை. சிரிப்பு தானாக ஓயும்வரை நின்றேன். பிறகு முதல் வசனத்தைச் சொன்னேன். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் மூட்டையோடு நிற்கும் பிள்ளையை எனக்குத் தெரியும். கதவைச் சாத்துகிறவளுக்கும் கை கூசுமோ என்று அன்றுதான் யோசித்தேன்.

பேசும்படம் வந்தபோது, அதில் நடிக்கக் கல்கத்தாவுக்கு அழைத்தார்கள். அப்போது பல தமிழ்ப் படங்களை அங்கேதான் எடுத்தார்கள். ஒப்பந்தம் எழுதிய படக் கம்பெனி குமாஸ்தா அப்பா பெயரைக் கேட்டார்.

"தெரியாது. அம்மா பேரைப் போடுங்க."

அவர் தயங்கினார். பேனாவை வாங்கி நானே எழுதினேன்.

படம் வந்ததும் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வெளியே வந்தவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீ பேசனது ஒண்ணுமே புர்லடி. ஆனா அழுவாச்சி வந்துச்சு."

அடுத்த மாதம் இரண்டாவது படத்துக்காக மறுபடி கல்கத்தா ரயில் ஏறினேன். "அவ்ளோ தூரம் நான் இன்னாத்துக்கு?" என்று முனகிக்கொண்டே, எனக்கு முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள் அம்மா.