காலரில் மூன்று துளி

படப்பிடிப்புத் தளத்தில் அவருக்கு 'ஞாபகம் சார்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கண்டினியூட்டி பார்ப்பது அவர் தொழில். காலையில் எடுத்த காட்சியில் கதாநாயகன் தேநீர்க் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தான், சட்டையில் எத்தனையாவது பொத்தான் திறந்திருந்தது என்றெல்லாம் குறித்துக்கொண்டு, அதே காட்சியின் மீதியை மாலையில் எடுக்கும்போது எள்ளளவும் பிசகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முப்பத்தொரு வருடங்களாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைச் செய்துவந்தார். அவருடைய நீளக் குறிப்பேட்டில் இல்லாதது தளத்தில் நடக்கவே இல்லை என்று உதவி இயக்குநர்கள் கேலி பேசுவார்கள்.

அந்த வருடம் எடுத்த தொடர், நினைவை இழந்த ஒருவனைப் பற்றியது. வாரந்தோறும் அவன் கண்விழிக்கும் இடத்தில் ஒரு பிணம் கிடக்கும். கொன்றது தானா என்று அவனுக்கே தெரியாது. அதை மறைக்கப் போன இடத்தில், போன வாரத்துப் பிணத்தை மறைத்தவனும் தானே என்று கண்டுபிடித்துத் திருதிருவென விழிப்பான். திகிலும் சிரிப்பும் சரிபாதி. இரத்தக் காட்சிகளுக்காகக் கதாநாயகனுக்கு ஒரே மாதிரிச் சட்டை ஒன்பது தைத்திருந்தார்கள். எந்தச் சட்டையில் எத்தனை துளி, எந்த இடத்தில் என்பதற்கு ஞாபகம் சார்தான் பொறுப்பு.

ஒரு நாள் அவருக்கும் இயக்குநருக்கும் சிறு உரசல் ஏற்பட்டது. குளிர்பெட்டியைக் கடந்து போகும்போது கதாநாயகனின் கை நடுங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பிணத்தை உள்ளே வைத்தவன் அவன்தான். ஆனால் அது அவனுக்கு மறந்துவிட்டது.

"உள்ள என்ன இருக்குன்னே அவனுக்கு ஞாபகம் இல்லம்மா. அப்புறம் கை ஏன் நடுங்குது? இடிக்குதே" என்றார்.

இயக்குநர் அவருடைய மகள் வயதிருக்கும் பெண். "சார், டீ கோப்பையை நீங்க பாருங்க, நடுக்கத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். தளமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. 'நடுக்கத்துக்குக் காரணம் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்.

மறதியைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் அங்கு யாரும் இல்லை என்பது அவர் எண்ணம். வீட்டில் அவருடைய மனைவி இருந்தாள்.

அவள் மருந்துக்கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். எந்த மாத்திரை எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கணவருடைய கறார் குணத்தைப் பார்த்து அவருக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர் வைத்தவளும் அவள்தான். கோபம் வந்தாலும் அளவுகோல், கொஞ்சினாலும் அளவுகோல். இரண்டு வருடங்களுக்கு முன் மூளைக் காய்ச்சல் ஒன்று வந்து, உயிரை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போயிற்று. முதலில் தெருக்கள் போயின. பிறகு பெயர்கள். எட்டு மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை மாலை, அவரும் போனார்.

அழைப்புமணி கேட்டுக் கதவைத் திறந்தவள், "வாங்க, கரன்ட் மீட்டர் பாக்க வந்தீங்களா? இந்தப் பக்கம்" என்று மரியாதையாக வழிகாட்டினாள்.

அன்று முதல் தினமும் அப்படித்தான். ஒரு நாள் மீட்டர்க்காரர், ஒரு நாள் குழாய் பழுது பார்ப்பவர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், அந்த மரியாதையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பழைய சட்டையைப் போட்டுப் பார்த்தார். மீசையை முன்போல் வைத்துப் பார்த்தார். எதை எதையெல்லாம் மாற்றினார் என்று தேதி வாரியாகக் குறித்தும் வைத்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்புறம் அந்தப் பொய் இரத்தம் கொட்டியது.

சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயமும் ஒரு சிட்டிகை காப்பித்தூளும் கலந்து ஒப்பனைக்காரம்மா தயாரிப்பது அது. கதாநாயகன் சட்டையின் கறையைப் புகைப்படத்தோடு ஒப்பிட ஞாபகம் சார் குனிந்தபோது, அழுத்திய புட்டி பீச்சியடித்து அவர் முகத்தில் பாய்ந்தது. இடப் புருவத்துக்கு மேல் ஒரு கோடு. காலரில் மூன்று துளி. கழுவ நேரமில்லை. பகலில் மனைவிக்குத் துணையிருக்கும் பெண் ஐந்தே முக்காலுக்குப் பேருந்தைப் பிடிக்கக் கிளம்பிவிடுவாள். ஆறுக்குள் அவர் வீட்டில் இருந்தாக வேண்டும். அப்படியே ஓடினார். அன்று பேருந்தில் கூட்டம் பிதுங்கியும் அவர் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை.

கதவு திறந்தது. அவள் நெற்றியைப் பார்த்தாள்.

"ஐயோ அளவுகோலே! மறுபடியும் ஏணியிலேர்ந்து விழுந்தீங்களா?"

எட்டு மாதங்களுக்குப் பிறகு அந்தப் பெயர். கல்யாணமான வருடம் ஒரு புகைப்பட நிலையத்தில் விளக்கு மாட்டப் போய், ஏணி சரிந்து, இதே இடத்தில் நெற்றி பிளந்து வந்து நின்றார். அன்று தலையணை உறையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். இன்றும் உள்ளே ஓடினாள். உறை கிழியும் சத்தம் கேட்டது. அவரை நாற்காலியில் தள்ளி உட்காரவைத்து, நெற்றியைச் சுற்றிக் கட்டினாள்.

"உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? அந்த வேலையை விட்டுத் தொலைங்க. நீங்க போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

அழுதாள். அவரும் அழுதார். அரை மணி நேரம் அவர் இந்த வீட்டின் மனிதராக இருந்தார். கட்டை அவிழ்த்துக் கழுவிவிட்டு வந்தபோது, "நீங்க யாரு, எப்ப வந்தீங்க?" என்றாள்.

மறுநாள் சுத்தமான முகத்தோடு போனார். மீட்டர்க்காரர் ஆனார். அதற்கு மறுநாள் ஒப்பனைக்காரம்மாவிடம், "ஒரு சின்னப் புட்டி கிடைக்குமாம்மா?" என்று கேட்டார்.

"என்ன சார், வீட்ல யாரையாச்சும் போட்டுத் தள்ளப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

அடுத்த ஒன்பது மாலைகளும் ஒரே காட்சி. மாடிப்படித் திருப்பத்தில், சன்னல் வெளிச்சத்தில், கைக்கண்ணாடியை விளிம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, குறிப்பேட்டைப் பார்த்துப் பூசிக்கொள்வார்: நெற்றியில் ஒரு கோடு, இடப் புருவத்துக்கு மேல் ஓரங்குலம், காலரில் மூன்று துளி, பை இடக்கையில். ஒரு முறை கூடப் பிசகவில்லை. அவளும் பிசகவில்லை. "ஐயோ அளவுகோலே!" என்ற அந்த ஒரு குரலுக்காகப் பகல் முழுவதும் பசியோடு காத்திருப்பார். சட்டையில் எறும்பு மொய்த்தது. தலையணை உறை தீர்ந்துபோய், கடையில் ஒரு டஜன் வெள்ளை உறை கேட்டார். "வீட்ல விருந்தாளிங்களா சார்?" என்றார் கடைக்காரர். "ஒருத்தர்தான்" என்றார் இவர்.

பத்தாம் நாள் காலை, துணைக்கு வரும் பெண் வாசலிலேயே அவரை நிறுத்தினாள்.

"சார், தினமும் ஒரு உறை நாராக் கிடக்குதே, வீட்ல எலி இருக்கா?"

"பார்க்கிறேன்மா" என்றார்.

"எலியை விடுங்க. அம்மா சரியில்ல சார். ஒரு வாரமா மூணு மணி ஆச்சுன்னா சன்னல்கிட்ட போய் நிக்கிறாங்க. சோறு இறங்கல. கை வெடவெடன்னு ஆடுது. என்னம்மான்னு கேட்டா, 'தெரியல, யாருக்கோ என்னமோ ஆயிடுச்சு'ங்கறாங்க. யாருக்குன்னா அதுவும் தெரியல. பாவம், நேத்து என் கையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல."

அவர் வேலைக்குப் போனார். அன்று குளிர்பெட்டிக் காட்சியில் விட்டுப்போன ஒரு துண்டை எடுத்தார்கள். கதாநாயகன் கடந்து போனான், கை நடுங்கியது. "சரியா இருக்கா ஞாபகம் சார்?" என்று இயக்குநர் கேட்டாள். அவர் குறிப்பேட்டைப் புரட்டி, சிவப்பில் அடிக்கோடிட்டிருந்த வரியை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அடித்துவிட்டு, "சரியாத்தாம்மா இருக்கு" என்றார். தலைவலி என்று சொல்லி மூன்று மணிக்கே கிளம்பினார்.

எதிர்ச்சாரியில் நின்று தன் வீட்டுச் சன்னலைப் பார்த்தார். அவள் நின்றிருந்தாள். கம்பியைப் பிடித்திருந்த கை தெரு முனை வரை தெரியும்படி ஆடிக்கொண்டிருந்தது. போவோர் வருவோர் ஒவ்வொருவருடைய நெற்றியையும் அவள் பார்த்தாள். அவரையும் பார்த்தாள், காயம் இல்லாத நெற்றி என்று கண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

புட்டி சட்டைப் பையில் இருந்தது. ஐந்தே முக்கால் வரை அங்கேயே நின்றார். துணைப் பெண் பேருந்தேறிப் போனாள். ஆறு மணிக்கு மாடிப்படித் திருப்பத்தில் கண்ணாடியை எடுத்து வைத்தார். இன்னும் ஒரே ஒரு நாள் என்று மனம் கெஞ்சியது. ஒரே ஒரு தடவை அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு நாளை நிறுத்திக்கொள்ளலாம். மூடியைத் திறந்தும் விட்டார். பாகின் இனிப்பு வாசனை வந்தது. மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் நெற்றியை ஒரு முறை சுத்தமாகத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார்.

கதவு திறந்தது. அவள் முகம் வெளிறியிருந்தது.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலைங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"அவர் வேலை செய்யற இடத்துலேர்ந்துதாம்மா வரேன். கொஞ்சம் நேரமாகும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னார்."

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல."

"அடி கிடி? நெத்தியில?"

"ஒரு கீறல்கூட இல்ல."

"நீங்க பாத்தீங்களா?"

"என் கண்ணால பாத்தேம்மா. நல்லா இருக்கார்."

அவள் கதவின் மேல் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, "நிக்கிறீங்களே, உள்ள வாங்க. அவர் வர்ற வரைக்கும் உட்காருங்க" என்றாள்.

அவர் தன் வழக்கமான நாற்காலியை நோக்கிப் போனார். "அது அவரோடதுங்க, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று அவள் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள். அதில் உட்கார்ந்தார். அவள் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எதிரில் அமர்ந்தாள். மத்தியானம் வைத்த சோறு மேசையில் மூடியபடி இருந்தது. பேச்சுவாக்கில் அதை எடுத்துவைத்துச் சாப்பிடவும் தொடங்கினாள்.

"அவர் ஒரு அளவுகோலுங்க. நேரம் தவறவே மாட்டார். ஒரு தடவை மட்டும் ஏணியிலேர்ந்து விழுந்து, இதோ, இங்க அடி" என்று தன் புருவத்துக்கு மேல் தொட்டுக் காட்டினாள். "நான்தான் கட்டுப் போட்டேன். குழந்தை மாதிரி அழுதார். வெளியில சொல்லிடாதீங்க, வெக்கப்படுவார்."

"சொல்லமாட்டேம்மா" என்றார். அவர் புருவத்துக்கு மேலிருந்த பழைய தழும்பு விளக்கு வெளிச்சத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

மறுநாளும் ஆறு மணிக்கு அதே செய்தியைக் கொண்டுவந்தார். அதற்கு மறுநாளும். அடுத்த வாரம் துணைப் பெண், "அம்மா இப்பல்லாம் சன்னலுக்கே போறதில்ல சார். மத்தியானம் படுத்து நல்லாத் தூங்கறாங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அன்று மாலை அழைப்புமணியை அழுத்துமுன், பையை இடக்கையில் மாற்றிக்கொண்டு, சொல்ல வேண்டியதை ஒரு முறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: நல்லா இருக்கார், ஒரு கீறல்கூட இல்ல.